பத்துக்கு எவ்வளவு

வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள் சண்முகவடிவு. பக்கத்து வீட்டுக்காரி வயிற்றைத் தொட்டது மாதிரி இருந்தது. விரலுக்கு வயிறு தெரிந்தது. வயிற்றுக்கு விரல் தெரியவில்லை. பஞ்சு வைத்து ஒட்டியிருந்த கட்டின் ஓரம், அதற்கு மேலே தொளதொளத்த தோல், தொப்புள், எல்லாம் அதது இடத்தில்தான் இருந்தது, ஆனால் கிள்ளினால் ஏனென்று கேட்க ஆளில்லை. காலையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். நாலைந்து வருஷமாக மாதாமாதம் அவளைத் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்ட கட்டிகளும் அதோடு போய்விட்டன. முதுகில் ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கட்டையாக்கித்தான் அறுத்தார்கள். அந்தக் கால் மத்தியானத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்துவிட்டது, இப்போது விரலை மடக்கினால் மடங்குகிறது. வயிறு மட்டும் வரவில்லை. அது அந்த டாக்டரம்மா வேலை. மூக்குத்தியும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக இருந்த மயக்க மருந்து டாக்டரம்மா, தையல் போட்டு முடித்த கையோடு இரண்டு விலாப்பக்கமும் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தி, சின்னத் திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ ஓடியதை இவளுக்கும் திருப்பிக் காட்டினாள். வயிற்றுச் சுவர் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், இரண்டு அடுக்குக்கு நடுவில் நரம்பு ஓடுகிறது, அங்கே மருந்தை விட்டால் நாளைக் காலை வரைக்கும் தையல் வலி தெரியாது என்றாள். பரோட்டா என்றதும் முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்த சண்முகவடிவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "வெளி வலிக்குத்தான் இந்த ஊசி. உள்ளுக்குள்ள வலிச்சா அதுக்கு இது காவல் இல்ல. அப்ப வாயத் தொறந்து சொல்லணும். பொறுத்துக்கிட்டதுக்குப் பரிசு ஒண்ணும் கிடையாது." சரி சரி என்று தலையாட்டினாள். ஆட்டிய தலைக்குள் அப்போதே ஒரு சின்னக் கர்வம் எட்டிப் பார்த்தது. யாரிடம் சொல்கிறாய் பிள்ளே, அந்தப் பரிசை நான் வாங்கி வருஷம் எத்தனையோ ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

சுபா ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு பதவிசு. பெற்ற மகள், ஒரே மகள், காலையிலிருந்து ஒரு குறை சொல்ல முடியாதபடி பார்த்துக்கொள்கிறாள். எடுத்ததை ஒரு தட்டில் வைத்து வெளியே கொண்டுபோய்ச் சொந்தக்காரர்களிடம் காட்டுவது இந்த ஆஸ்பத்திரியில் வழக்கம். நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே. சண்முகவடிவின் வீட்டுக்காரர் ரத்தம் கண்டால் தலை சுற்றுகிறவர், மருந்துக்கடை வரைக்கும் போகிறேன் என்று சரியாக அந்த நேரத்தில் படியிறங்கிவிட்டார். சுபாதான் போய்ப் பார்த்திருக்கிறாள். தான் குடியிருந்த வீட்டை இடித்தபிறகு போய்ப் பார்க்கிறது மாதிரி இருந்திருக்குமோ என்னவோ. எப்படிட்டி இருந்துச்சு என்று கேட்டதற்கு, நல்லாத்தான் இருந்துச்சு என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எல்லாமே நல்லாத்தான் இருக்கிறது சுபாவுக்கு. மாமியார் நல்லா இருக்காவ, மாப்பிள்ளை நல்லா இருக்காவ, பிள்ளை நல்லா இருக்கான், நானும் நல்லா இருக்கேன். போனில் பேசினால் அந்த நாலு நல்லாவுக்குள் பேச்சு முடிந்துவிடும். முன்பெல்லாம் அப்படியா? காலில் முள் குத்தினால் தெருவைக் கூட்டுகிற பிள்ளை. பல் விழுந்ததற்கு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் வாயைத் திறந்து திறந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிய பிள்ளை. அந்தப் பிள்ளை எங்கே போயிற்று என்று யோசிக்கிறபோதெல்லாம் சண்முகவடிவின் வலது உள்ளங்கையில் ஒரு ஈரம் தட்டும், உடனே யோசனையை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். இப்போதும் திருப்பினாள். அந்தக் கையில்தான் குளுக்கோஸ் ஊசி குத்தியிருக்கிறது, டேப் ஒட்டியிருக்கிறது, அதனால் ஈரமாக இருக்கும்.

கதவுக்கு வெளியே சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, பேரப்பிள்ளை சகிதம் பார்க்க வந்தவர்கள். சுபாவின் மாமியார் பூரணம் மதினி, மாமனார் அண்ணாச்சி. பார்த்துவிட்டு வெளியே வந்து, மகன் கார் கொண்டுவருகிறவரைக்கும் வராந்தா நாற்காலியில் காத்திருந்தார்கள். அந்தக் கதவு சாத்தினால் சாத்தாது, ஒரு கை அகலத்துக்குத் திறந்தே நிற்கும். இங்கே மூச்சு விட்டால் அங்கே கேட்கும். முன்னே அவர்கள் படியேறி வந்த சத்தம் கேட்டபோதுதான் சண்முகவடிவுக்குக் கட்டில் கம்பியில் தொங்கிய பை ஞாபகம் வந்தது. மூத்திரப் பை. பார்க்க வருகிறவர்கள் உட்காருகிற பக்கமாகவே, இளநீர் நிறத்தில், கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரிய, ஊருக்குக் காட்ட வைத்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வேறு வருகிறார். பெண் கொடுத்த வீட்டில், சம்பந்தி ஆம்பிளை எதிரே, இதை எப்படி வைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்வது? சுபா வாசலுக்குப் போயிருந்தாள். சண்முகவடிவு எட்டிக் குனிந்து பையைக் கொக்கியிலிருந்து கழற்றி, போர்வைக்குள் இழுத்து, சுவர்ப்பக்கமாக வைத்து, குழாயைச் சுருட்டி இடது தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். அறுத்த வயிற்றோடு எப்படிக் குனிந்தாய் என்று யாராவது கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. தையல் வலி இல்லாததால்தான் அந்தத் தைரியம். போர்வையை மார்பு வரைக்கும் இழுத்துவிட்டு, வாங்க மதினி, வாங்க அண்ணாச்சி என்று சிரித்தாள்.

அவர்கள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பூரணம் மதினி யார் யாருக்குக் கர்ப்பப்பை எடுத்தது, எடுத்தபிறகு யார் யார் குண்டானார்கள் என்பதையெல்லாம் சொன்னாள். அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மதினி அந்தக் கதைக்கு வந்தாள். எங்கே சுற்றினாலும் ஜனங்கள் அந்தக் கதைக்கு வந்துவிடுவார்கள். உங்களுக்கு இதெல்லாம் தூசுல்லா, சுபாவைப் பெத்தப்பவே வாயத் தொறக்காதவியளாம்லா என்றாள். சண்முகவடிவின் மாமியார் இருந்தவரைக்கும் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எந்த வீட்டில் இலை போட்டாலும் அந்தக் கதையையும் ஒரு கூட்டு மாதிரி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பிரசவ வார்டே கிடந்து கத்துகிறது, எங்க வடிவு மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி கிடந்தா, பிள்ளை தலை வந்தபிறகுதான் நர்ஸுக்கே தெரியும், குடும்பத்துப் பொம்பளைன்னா அப்படி இருக்கணும். மாமியார் போய்விட்டாள், கதை போகவில்லை. வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டார். சுபாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர்தான் சம்பந்தி வீட்டாரிடம் பெருமையாகச் சொன்னது. தாயைப் போலத்தானே பிள்ளை என்று அவர்களும் சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் திட்டினால்தான் அந்தக் கவலை என்று நினைத்திருந்தாள். புகழ ஆரம்பித்தாலும் மூட முடியாது என்று பிறகுதான் தெரிந்தது.

அவர்கள் வெளியே போனபிறகுதான் அது ஆரம்பித்தது, அல்லது அவர்கள் இருக்கும்போதே ஆரம்பித்து, சிரித்துக்கொண்டிருந்ததில் தெரியாமல் போயிற்று. எங்கேயென்று கேட்டால் கை வைத்துக் காட்ட முடியாது. கை வைக்கிற இடமெல்லாம் மரத்துக் கிடக்கிறது. அதற்குக் கீழே, உள்ளே, ஆழத்தில், எடுத்துப்போட்ட இடத்தில் என்னமோ உட்கார்ந்துகொண்டு மெல்ல மெல்லப் பெருத்தது. இட்லிப் பானையில் மூடியைத் தண்ணீர் தள்ளுகிற மாதிரி ஒரு தள்ளல். வலியா என்றால் வலி என்று சொல்லலாம். ஆனால் வலி எப்படி வரும்? நரம்புக்கு மருந்து விட்டிருக்கிறார்களே. நாளைக் காலை வரைக்கும் தெரியாது என்றாளே. பணம் கொடுத்து வலியில்லாத ஊசி போட்டுக்கொண்டு வலிக்கிறது என்றால் கேட்கிறவன் சிரிப்பான். உள்வலி வேறே என்றும் சொன்னாள். உள்வலி என்றால் இதுதானா, இல்லை வாயுவா? இல்லாத கர்ப்பப்பை வலிக்குமா? செத்த மாமியார் கதை சொல்கிற மாதிரி அதுவும் போனபிறகு வந்து உட்கார்ந்துகொள்ளுமா? மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக்கென்றது. டக்குக்கு ஒரு தரம் உள்ளே அது ஒரு விரக்கடை ஏறியது. எண்ண வேண்டாம் என்று கண்ணை மூடினாள். மூடினால் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. சிஸ்டர் ஜெபக்கனி வந்தாள். இரண்டு வார்டுக்கு ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருந்தவள், கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள், ஸ்பிரிட் பஞ்சால் வயிற்றில் அங்கங்கே தொட்டுக் குளிருதா என்றாள், இல்லை என்றதும் சந்தோஷப்பட்டாள். வலி பத்துக்கு எவ்வளவும்மா இருக்கும் என்று கேட்டாள். சண்முகவடிவுக்குச் சந்தையில் நிற்கிற மாதிரி இருந்தது. உள்ளதைச் சொல்கிறவன் எவன்? கதவிடுக்கில் மதினியின் பச்சைச் சேலை ஓரம் தெரிந்தது. நாலு என்றால் வலி மருந்து போடுவார்கள், ஏன் என்று மதினி எட்டிப் பார்ப்பாள். மூன்றும் கொஞ்சம் அதிகம்தான். ரெண்டு என்றாள். பரவாயில்லையே என்று எழுதிக்கொண்டு சிஸ்டர் பையைப் பார்க்கக் கொக்கிப் பக்கம் குனிவதற்குள் பக்கத்து வார்டில் மணி அடித்தது, இந்தா வாரேன் என்று ஓடினாள். சுபா ஆரஞ்சுச் சுளையை நாரெடுத்துத் தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டே, வலிக்காம்மா என்றாள். இல்லட்டி என்றாள் சண்முகவடிவு. சரி என்றாள் சுபா. அந்தச் சரியில் குறை ஒன்றும் இல்லை. அதுதான் குத்தியது.

கல்லுப் பிள்ளையாராம். அந்த ஊர்க்கதையில் இல்லாத ஒன்று அவளுக்குத்தான் தெரியும். கட்டில் போதாமல் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராகக் கிடந்த வார்டு அது. கத்துகிறவளைத் தொடையில் பளாரென்று அறைகிற ஆயா ஒருத்தி; படுக்கும்போது இனிச்சதாக்கும் என்று கேட்கிற வாய் அவளுக்கு. வெளியே ஜன்னலுக்கு அந்தப்புறம் மாமியார், மாமியாரின் தங்கைகள், எதிர்வீட்டு அத்தை, எல்லோரும் மருமகள் என்ன சொல்லிக் கத்தப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏனென்றால் அந்த வீட்டில் அதற்கு முன் பிரசவித்த மூத்த மருமகள் வலி பொறுக்காமல் புருஷனைப் பெயர் சொல்லித் திட்டிவிட்டாள், அது பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பயந்து, பயம் ஒன்றினாலே மட்டும், சண்முகவடிவு தாலிக்கயிற்றை வாயில் கொடுத்துக் கடித்துக்கொண்டாள். புது மஞ்சள் தேய்த்த கயிறு. நாக்கெல்லாம் மஞ்சள் கசந்தது. மாங்கல்யம் மேல் உதட்டில் இடித்தது. உள்ளே அவள் கத்தினாள், ஆயாவை, மாமியாரை, புருஷனை, பெற்ற தாயை, எல்லோரையும் பெயர் சொல்லிக் கத்தினாள். ஒரு சத்தமும் கயிற்றைத் தாண்டவில்லை. கத்தியிருந்தால் யாராவது முன்னாலேயே வந்திருப்பார்கள், அத்தனை கிழிசல் ஆகியிருக்காது, பிறகு மூன்று மாசம் உட்கார முடியாமல் ஒருக்களித்துச் சோறு தின்றிருக்க வேண்டாம். அதையெல்லாம் யாரும் கதையில் சேர்க்கவில்லை. அவளும் சேர்க்கவில்லை. புகழ்கிறார்கள், வாயைத் திறந்து கெடுப்பானேன் என்று இருந்துவிட்டாள். கழுத்தைத் தடவினாள் இப்போது. வெறும் கழுத்து. தியேட்டருக்குள் கழுத்தில் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது என்று காலையில் தாலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து சுபாவிடம் கொடுத்தாயிற்று. மஞ்சள் துண்டாவது கட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சியும் சிஸ்டர் விடவில்லை. கடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

உள்ளே இருந்தது தொப்புள் வரைக்கும் வந்துவிட்டது. பெருக்கெடுத்த வாய்க்காலை மண்வைத்து அடைத்த மாதிரி முட்டியது. நெற்றியில் வியர்த்தது, பாதம் குளிர்ந்தது. தையல் விட்டுவிட்டதோ. உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டதோ. அவள் பெரியம்மா மகள் ஒருத்தி இப்படித்தான் ஆபரேஷன் முடிந்து நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே படுத்து, விடியும்போது பேச்சில்லாமல் கிடந்தாள். நல்லாத்தான். அந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ. சொல்லிவிடலாமா. சுபா என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். கொடுத்தால் அவள் எழுந்து வருவாள், வலிக்காம்மா என்பாள், ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்த மகள் முகத்தில் என்ன வரும்? அதைத்தான் பார்க்க முடியாது. வெளியே இருக்கிற பச்சைச் சேலை இல்லை இவளைக் கட்டிப்போட்டிருக்கிறது, ஜன்னலோரம் ஆரஞ்சு உரிக்கிற இந்தப் பிள்ளைதான். உள்ளங்கையில் ஈரம் தட்டியது. திருப்பிப் பார்த்தாள் யோசனையை. அது திரும்பவில்லை.

போன ஆடிக்கு முந்தி. வேறே ஆஸ்பத்திரி, இதே மாதிரி ஒரு கதவு. சுபாவுக்கு வலி கண்டு ஒரு பகல் முழுக்க ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. கூட ஒரு ஆள் இருக்கலாம் என்று சண்முகவடிவை உள்ளே விட்டார்கள். சுபா கத்தினாள். தெருவைக் கூட்டுகிற பழைய குரலில், எம்மா எம்மா என்று, வேறு சொல்லே இல்லாமல், அவளையேதான் கூப்பிட்டுக் கத்தினாள். வெளியே பூரணம் மதினியும் அண்ணாச்சியும் அவர்கள் வீட்டு ஜனமும் உட்கார்ந்திருந்தார்கள். தாயைப் போலத்தானே பிள்ளை என்று சொல்லிப் பெண் எடுத்தவர்கள். சண்முகவடிவுக்கு உடம்பெல்லாம் கூசியது. கத்தாதட்டி, சம்பந்தி உக்காந்திருக்காவ என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். அடுத்த வலி வந்து சுபா வாயைத் திறந்தபோது, இந்தக் கை, இதே வலது கை, தானாகப் போய் அந்த வாயை மூடியது. மூச்சு உள்ளங்கையில் சூடாக மோதியது. எச்சிலும் வியர்வையும் பிசுபிசுத்தன. சுபா கடித்தாள். கடித்துவிட்டு அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. யாரோ ஒரு பொம்பளை இங்கே எப்படி வந்தாள் என்பது மாதிரி பார்த்தாள். அதற்குப் பிறகு கத்தவே இல்லை. பிள்ளை பிறந்து, எல்லோரும் வந்து, தாயைப் போலப் பிள்ளை என்று மதினி எல்லோரிடமும் சொல்லி, சர்க்கரை வழங்கி, எல்லாம் நடந்தது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். தனக்கும் வந்து, தெரிந்து, அப்புறமும் பிள்ளை வாயில் கை வைத்தவளை என்ன சொல்வது? அன்றைக்கு அடைத்த வாய் அடைத்ததுதான். சுபாவுக்கு மாமியார் வீட்டில் சோறு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா, ஏன் இப்படி மணிக்கட்டு எலும்பு தெரிய இளைத்துப்போயிருக்கிறாள், ஒன்றும் தெரியாது. நல்லா இருக்கேம்மா. நல்லா இருக்கேம்மா. இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையிடம் வலிக்கிறது என்று சொல்வது?

வராந்தாவில் பேரன் அழ ஆரம்பித்தான். பசியோ, புழுக்கமோ, காலை உதைத்துக்கொண்டு கட்டிடம் அதிர அழுதான். அச்சச்சோ என்றாள் மதினி, ராசாவுக்கு என்ன செய்யுது என்றாள், தண்ணீர் கொடு, காற்றாட வை என்று அண்ணாச்சி பதறினார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அந்தக் குரல் கேட்கக் கேட்கச் சண்முகவடிவுக்குள் இருந்தது அதோடு சேர்ந்து முட்டியது. இனி முடியாது. ஒரு தரம், இன்னும் ஒரே ஒரு தரம் மின்விசிறி டக்கென்கிறவரைக்கும். இந்தா, இது போய்விடும். போகவில்லை. தொண்டைக்குழிக்கு ஒரு சத்தம் வந்து நின்றது. கழுத்தைத் தேடிய கை ஒன்றும் கிடைக்காமல் மேலே ஏறி, குளுக்கோஸ் குழாய் இழுபட, அவள் வாயையே இறுக்க மூடிக்கொண்டது. டேப்பும் ஸ்பிரிட்டும் மணந்தன. தன் மூச்சே தன் உள்ளங்கையில் சூடாக மோதியது. ஓ, இப்படித்தான் இருந்ததா பிள்ளே உனக்கு என்று நினைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

தட்டு கீழே விழுகிற சத்தம் கேட்டது. சுபா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். வாய்மேல் இருந்த கையையே பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஊசி அசையாமல் மணிக்கட்டைப் பிடித்து, ஒட்டிப்போன எதையோ பிரிக்கிற மாதிரி, அந்தக் கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"வெளிய உங்க மாமியாரு..." என்றாள் சண்முகவடிவு.

"இருக்காவ," என்றாள் சுபா. "கத்தும்மா."

சத்தம் வந்தது. எண்ணெய் காணாத கீல் மாதிரி கிறீச்சென்று ஆரம்பித்து, பிறகு வலிக்குதுட்டி, வலிக்குதுட்டி, எனக்கு வலிக்குதுட்டி என்று சொல்லாகி, வயசான பொம்பளை போட வெட்கப்படுகிற கூப்பாடாகி, வராந்தாவில் அழுதுகொண்டிருந்த பேரனே திகைத்து வாயை மூடிக்கொண்டான். சிஸ்டர் ஜெபக்கனி ஓடிவந்தாள். கொக்கியைப் பார்த்தாள், பையைக் காணோம். போர்வையை உருவினாள். தொடைக்கு அடியிலிருந்து குழாயை இழுத்து நெளிவை நீவிவிட்டு, பையைக் கீழே தொங்கவிட்டதும் சலசலவென்று மூத்திரம் இறங்கியது. இறங்க இறங்க உள்ளே அடைத்திருந்த மண் கரைந்தது. சண்முகவடிவு வாயைத் திறந்தபடியே கிடந்தாள். யாரு இதைத் தூக்கி மேல வச்சது என்று சிஸ்டர் சீறினாள். நான்தான் என்றாள் சண்முகவடிவு, சம்பந்தி வந்திருந்தாவ. சிஸ்டர் அவளைப் பார்த்தாள், கதவிடுக்கில் பச்சைச் சேலையோடு திகைத்து நின்ற பூரணம் மதினியைப் பார்த்தாள், மறுபடியும் இவளைப் பார்த்தாள். "சம்பந்தின்னா ஒண்ணுக்கே போவமாட்டாவளாக்கும்," என்றாள். மதினி சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உள்தையலுக்கே கேடு என்று சிஸ்டர் கடிந்துகொண்டாள். டாக்டரை வந்து பார்க்கச் சொல்கிறேன் என்று எழுதுகிற அட்டையை எடுத்தவள், உண்மையச் சொல்லுங்க, பத்துக்கு எவ்வளவு இருந்துச்சு என்றாள். பத்து என்றாள் சண்முகவடிவு. சொன்னதும் ஒரு இடியும் விழவில்லை. சிஸ்டர் ரெண்டை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதிக்கொண்டு போனாள்.

தரையில் ஆரஞ்சுச் சுளைகள் சிதறிக் கிடந்தன, சுபா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வெளியே அண்ணாச்சி தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டார், மதினி என்னவோ சொன்னாள். இன்றைக்கு அம்பாசமுத்திரம் போய்ச் சேருவதற்குள் அந்தப் பழைய கதை செத்துப் புதுக் கதை ஒன்று பிறந்திருக்கும். பிறக்கட்டும். வயிற்றைத் தொட்டாள், அது இன்னும் பக்கத்து வீட்டுக்காரி வயிறாகவே இருந்தது. நாளைக் காலையில் திரும்பி வரும்போது வலியோடுதான் வரும், டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறாள். ஏட்டி என்று கூப்பிட்டாள். சுபா நிமிர்ந்தாள். என்ன கேட்பது என்று தெரியாமல், சிஸ்டர் கேட்டதையே கேட்டாள்.

"அன்னைக்கு உனக்கு எவ்வளவு இருந்துச்சு? பத்துக்கு?"

சுபா கையிலிருந்த சுளையின் தூசியைத் துடைத்தாள். நல்லாத்தான் என்று வரப்போகிறது என்று சண்முகவடிவு பயந்துகொண்டே கிடந்தாள்.

"இன்னும் இருக்குதும்மா," என்றாள் சுபா.

சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தாள். அது எப்போதும்போல ஒரு கை அகலத்துக்குத் திறந்துதான் இருந்தது. சண்முகவடிவு ஊசி குத்திய கையை நீட்டி, கட்டிலில் தன் இடுப்பருகே இருந்த கொஞ்ச இடத்தைத் தட்டினாள்.

"கேட்டா கேக்கட்டும்," என்றாள். "வந்து உக்காரு. சொல்லு."